ஆப்பிரிக்க மான் பண்ணையில் பங்கு என்று வந்தால் பணம் கட்டாதீர்கள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் நம் தமிழ் ஆட்களாகப் பார்த்து ஒரு கும்பல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். பாவகடா பக்கம் வறண்ட நிலம் எடுத்திருக்கிறார்களாம், அதில் ஓரிக்ஸ் மான் வளர்ப்பார்களாம், ஜோடிக்கு இரண்டு லட்சம் கட்டினால் மாதாமாதம் நமக்கு ஒரு தொகை, குட்டி போட்டால் அதையும் அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். என் சித்தப்பா ரிட்டயர் ஆன பணத்தில் இரண்டு ஜோடிக்குக் கட்டினார். "அண்ணே, ஆடு வளர்க்கிற மாதிரிதான், தண்ணிகூட அதிகம் வேணாம்" என்று வீட்டுக்கு வந்து காபி குடித்துப் பேசிய ஆள் இப்போது போனே எடுப்பதில்லை.

வறட்சியைத் தாங்கும் என்பது நிஜம். சஹாரா ஓரத்து விலங்கு அது. காட்டில் அற்றுப்போனதாக 2000-ல் அறிவித்த இனம், 2016-லிருந்து சாட் நாட்டில் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். டெக்சாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் இருப்பதும் நிஜம்தான். ஆனால் அந்தப் பண்ணைக்காரர்களுக்குப் பெரிய வருமானம் காசு கட்டி வேட்டையாட வருகிறவர்களிடமிருந்து. இங்கே அந்தத் தொழிலே கிடையாது. அப்புறம் குட்டியை எவன் வாங்குவான்? அடுத்து வந்து கட்டுகிறவர் பணத்தைத்தான் உங்களுக்கு மாதத் தொகையாகத் தருவார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் இப்படிப் பணம் கட்டி எத்தனை குடும்பம் அழுதது!

நான் கேட்டது இரண்டே காகிதம். இந்த ஓரிக்ஸ் சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும். 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி இனப்பெருக்கம் செய்யத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் உரிமம் வேண்டும். அவர்கள் நீட்டியது ஒரு ஜிஎஸ்டி சான்றிதழும் கிராம பஞ்சாயத்துக் கடிதமும்.

கலர் நோட்டீஸில் இருந்த படத்தை நன்றாகப் பார்த்தேன். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிவிட்ட கொம்பு. கிண்டியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நம் வெளிமான். ஓரிக்ஸ் உடம்பு வெள்ளை, கழுத்து செம்பழுப்பு, கொம்பு பின்பக்கமாக வளைந்து போகும். பாவகடா இருக்கிற அதே மாவட்டத்தில், மதுகிரி தாலுகாவில் மைதேனஹள்ளி வெளிமான் காப்பிடம் இருக்கிறது, படம் அங்கே எடுத்ததாக இருக்கலாம். வெளிமான் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, பிடித்து அடைத்தால் குறைந்தது மூன்று வருஷம் சிறை. அவர்கள் பண்ணையில் நிஜமாகவே அது நின்றால் பங்குதாரர் என்று கையெழுத்துப் போட்டவர் கதி என்ன என்று சித்தப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

சத்தம் போட்ட பிறகு ஒரு செக் கொடுத்தார்கள், திரும்பி வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஆனால் பேங்க் தரும் மெமோவைப் பத்திரமாக வையுங்கள், அது கைக்கு வந்து 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும், தவறினால் செக் கேஸ் நிற்காது. பலரிடம் பணம் திரட்டி இப்படி நடத்துகிறவர்கள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண்ணையும் கேளுங்கள். நாங்கள் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம், போலீஸிலும் புகார் கொடுத்தாயிற்று. இதே ஓரிக்ஸ் ஜோடிக்குப் பணம் கட்டி ரசீது வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போனால் புகாருக்குக் கனம் கூடும்.