5ஜி காலத்தில் நோக்கியா 1100: இன்றும் வாங்கலாமா?

2003-இல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றுத் தீர்ந்த நோக்கியா 1100, சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் ‘ரீஃபர்பிஷ்டு’ (பழையதைப் புதுப்பித்தது) என்ற பெயரில் இன்னும் கிடைக்கிறது. நோக்கியா விற்ற நூறு கோடியாவது கைபேசியாக 2005-இல் நைஜீரியாவில் ஒருவர் வாங்கியதும் இதே மாடல்தான். ஸ்மார்ட்போன் வீட்டில் இருக்கட்டும், வெளியே செல்லும்போது பேசுவதற்கு மட்டும் ஒன்று போதும் என்ற எண்ணத்தில் இதை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். நாடு 5ஜிக்குப் போய்விட்ட பிறகு இது வேலை செய்யுமா என்று பலரும் கேட்பதால், அதற்கு மட்டும் பதிலாக அமையும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் சிம். 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கும் 2ஜி ஒன்றே இக்கைபேசிக்குத் தெரியும். 2016-இல் தொடங்கியபோதே 4ஜியுடன் மட்டும் வந்த ஜியோவில் குரல் அழைப்பும் 4ஜியிலேயே பேச்சைக் கொண்டுசெல்லும் வோல்ட்இ வழியாகவே செல்வதால், ஜியோ சிம்மைப் போட்டால் பயன் ஏதுமில்லை. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் ஆகியவற்றின் சிம்கள் வேலை செய்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: இதற்குப் பின்னால், இதைவிடப் பன்மடங்கு விலைக்கு வந்த 3ஜி கைபேசிகளின் 3ஜி வசதியை ஏர்டெல் 2020-லேயே நிறுத்திவிட்டது, அவற்றுக்கு முந்தைய 2ஜியோ இன்னும் உயிரோடு இருக்கிறது. வோல்ட்இ வசதியில்லாத தொடக்ககால 4ஜி ஸ்மார்ட்போன்கள்கூட, அழைப்பு வந்ததும் கீழிறங்கி வந்து பேசுவது பெரும்பாலும் இந்த 2ஜியில்தான்.

பேச்சின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 900 அலைவரிசை சுவர்களை ஊடுருவுவதில் கெட்டியானது என்பதால், வீட்டின் உள்ளறையிலும் சிக்னல் கோடுகள் நிற்கின்றன. ஆனால் அந்த அலைவரிசையின் ஒரு பகுதியை நிறுவனங்கள் 4ஜிக்கு மாற்றிக்கொண்டதால் 2ஜிக்கு மிஞ்சிய இடம் குறைவு. மாலை நேரங்களில் கோடுகள் நிறைந்திருந்தும் அழைப்பு முதல் முயற்சியில் போகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும் இன்னொன்றும் திரும்பி வந்திருக்கிறது. வானொலிக்கு அருகே இதை வைத்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடிகள் முன்னரே ஒலிபெருக்கியில் ‘டிர்ரிக் டிர்ரிக்’ என்ற இரைச்சல் கேட்கிறது. 2ஜி கைபேசி விட்டுவிட்டுத் துடிப்புகளாக அலை அனுப்புவதன் விளைவு அது.

நெட்வொர்க் கைவிடாத இக்கைபேசியை உண்மையில் திணறடிப்பது குறுஞ்செய்திதான். இதன் நினைவகம் சுமார் 50 செய்திகளுக்கானது. 2003-இல் அது தாராளம். இன்று வங்கி, எரிவாயு, கூரியர், கடன் தருகிறோம் என்போர், துணிக்கடைத் தள்ளுபடி எனக் குவியும் செய்திகளுக்கு அது எந்த மூலைக்கு? இடம் நிரம்பியதும் திரையின் மேற்பகுதியில் சிறிய உறை ஒன்று கண் சிமிட்டத் தொடங்கும். பழையவற்றை அழிக்கும் வரை புதியது உள்ளே வராது. காத்திருக்கும் ஓடிபி அந்த வரிசையில்தான் நிற்கிறது என்பதும், அதன் ஆயுள் சில நிமிடங்களே என்பதும் கவுன்டரில் நிற்கும்போதுதான் உறைக்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே கொள்ளும் என்பதால், தமிழில் வரும் அறிவிப்புகள் இரண்டு மூன்று துண்டுகளாகி இடத்தை இன்னும் வேகமாக விழுங்குகின்றன. எனக்குக் கிடைத்த கைபேசியில் தமிழ் எழுத்துருவும் இல்லாததால், அவை வெறும் கட்டங்களாகவே தெரிகின்றன. 1909 எண்ணில் விளம்பரத் தடைக்குப் பதிவு செய்த பிறகு பாரம் ஓரளவு குறைந்தது. வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணை இதில் போடாமல் இருப்பதே நிம்மதி.

பணப் பரிமாற்றம் அறவே முடியாது என்று நினைக்க வேண்டாம். இணையம் இல்லாவிட்டாலும், *99# என்று அழுத்தி வங்கிச் சேவையைப் பெறலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே வழியாக, குரல் அழைப்பிலேயே பணம் அனுப்பலாம். ஆனால் பின்னால் நால்வர் நிற்கும் மளிகைக் கடையில் அந்த மெனுக்களை ஒவ்வொன்றாகக் கடந்து கொண்டிருப்பதைவிடச் சில்லறையை எண்ணிக் கொடுப்பது எளிது.

வாங்குவோர் கடையிலேயே சோதிக்க வேண்டியவை சில உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்), ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது முறையான எண்தானா, தடை செய்யப்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையின் பதில் வரும். பளபளக்கும் வெளிப்புறத்தைக் கண்டு மயங்கக் கூடாது. பேனலும் கீபேடும் பெரும்பாலும் டூப்ளிகேட்தான், உள்ளே இருக்கும் போர்டுதான் அசல். பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றி மேசைமீது படுக்க வைத்துச் சுண்டிவிட வேண்டும். பம்பரம்போலச் சுழன்றால் உப்பிவிட்டது என்று பொருள், வேறு கேளுங்கள். இந்த வகை பேட்டரிகளில், 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று 2007-இல் நோக்கியாவே எச்சரித்தது; ஆகவே ‘பழைய ஒரிஜினல்’ என்று கூடுதல் விலை சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம். சார்ஜர் தடித்த பின் கொண்டதாக இருக்க வேண்டும். பின்னாளில் வந்த மெல்லிய பின் இதில் சேராது. புதிய சிம்மை அட்டையிலிருந்து எடுக்கும்போது பெரிய அளவிலேயே எடுங்கள், நானோவாக உடைத்துவிட்டால் அடாப்டர் தேடி அலைய நேரும்.

டார்ச் இன்றும் அருமை. சி பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், திரையைப் பார்க்கவே தேவையில்லை. மின்வெட்டில் ஸ்மார்ட்போனின் பூட்டைத் திறந்து விளக்கைத் தேடுவதற்குள் இது எரிந்துவிடுகிறது.

எத்தனை காலம் ஓடும்? நாட்டை 2ஜியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று முகேஷ் அம்பானி 2020-லேயே பேசினார். அப்போது 2ஜியில் இருந்தவர்கள் 30 கோடிப் பேர் என்பது அவர் சொன்ன கணக்கு. அத்தனை பேரை ஒரே நாளில் துண்டிக்க முடியாது என்பதே இக்கைபேசிக்கு இருக்கும் பாதுகாப்பு. இருந்தாலும், ஏர்செல் டவர்கள் 2018-இல் அடங்கியபோது எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக்கூட முடியாமல் தவித்த தமிழ்நாட்டாருக்கு நான் விளக்கத் தேவையில்லை: ஒரே எண்ணை இதை மட்டும் நம்பி வைத்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு வாங்குவதானால் என் தேர்வு 1100 அல்ல, வோல்ட்இ உள்ள 4ஜி கீபேட் போன். 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் விலையில் மலிவு. ஆனால் அதில் ஜியோ சிம் மட்டுமே ஓடும் என்பதால், சிம் மாற்றும் எண்ணமுள்ளோர் நோக்கியா 110 4ஜி போன்ற பூட்டில்லாத மாடலைப் பார்க்கலாம். 1100-ஐ விற்பவர்கள் அந்தப் புதிய போனின் விலைக்கு மேல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கைபேசியைவிட ரீசார்ஜே அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பின் 2025 ஜனவரியில், டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டத்தை ஏர்டெல் அறிவித்து விலையைத் திருத்தியபின், ஓராண்டுக்கான கட்டணம் 1,849 ரூபாயாக இருந்தது. இணையமே இல்லாத கைபேசிக்கு டேட்டாவையும் சேர்த்துத் தலையில் கட்டும் திட்டத்தைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.