டிரிம் டேப்: ஆயிலா, கரண்டா?

வேகம் எடுக்கும்போது படகின் அணியம், அதாவது முன்பகுதி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும், ஆட்கள் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் படகு சாய்ந்தபடி ஓடுவதையும் சரிசெய்பவை, பின்பலகையின் அடியில் இருக்கும் டிரிம் டேப் என்ற இரண்டு ஸ்டீல் தகடுகள். அவற்றைக் கீழே தள்ள ஹைட்ராலிக் முறையில், அதாவது ஆயில் அழுத்தத்தில், பேர் போனது பென்னட், மின்சார முறையில் லென்கோ. இரண்டுமே அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கிய நிறுவனங்கள். ஸ்விட்சை அழுத்துபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. படகைப் பராமரிப்பவருக்குத்தான் தெரியும்.

ஹைட்ராலிக்கில் மோட்டார், பம்ப், வால்வு, ஆயில் டப்பா எல்லாம் ஒரே யூனிட்டாகப் படகுக்குள் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு தகட்டின் சிலிண்டருக்கும் ஒரு மெல்லிய குழாய் போகும். தண்ணீருக்கு அடியில் மின்சாரம் என்பதே கிடையாது. லென்கோவில் இது தலைகீழ். சின்ன மோட்டாரும் அது சுழற்றும் ஸ்டீல் திருகும் சீல் போட்ட உருளைக்குள் அடைபட்டு, பின்பலகைக்கு வெளியே உப்புத் தண்ணீரிலேயே குடியிருக்கும். உள்ளே வருவது கேபிள் மட்டும். பராமரிப்பில் வரும் வித்தியாசம் எல்லாம் இந்த ஒரு அமைப்பிலிருந்து கிளம்புவதுதான்.

மின்சாரத்தின் பலம், செய்ய வேண்டிய வேலை குறைவு என்பது. ஆயில் அளவு பார்க்க வேண்டாம், ஊற்ற வேண்டாம், அடித்தட்டில் சிவப்பு எண்ணெய் சிந்திக் கிடக்காது. சாவியை அணைத்தால் தகடுகள் தாமாகவே மேலே ஏறிக்கொள்ளும் வசதி லென்கோ கன்ட்ரோல்களில் உண்டு. இதைச் சாதாரண விஷயமாக நினைக்காதீர்கள். தகடு இறங்கிய நிலையிலேயே படகை வாரக்கணக்கில் கட்டிப்போட்டால், வெளியே நீண்டிருக்கும் தண்டில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற கடல் உயிரும் ஏறும். அடுத்த முறை தண்டு உள்ளே போகும்போது அந்தச் சொரசொரப்பு சீலைக் கிழித்துவிடும். ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் இதே ஆபத்துதான். சாதாரண ஸ்விட்ச் வைத்த படகில் தகட்டை மேலே ஏற்றுவது உங்கள் பொறுப்பு.

ஆனால் லென்கோவின் சீல் விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே புகுந்தால் கதை முடிந்தது. அங்கே நனைவது மோட்டார். பெரும்பாலும் அந்த உருளையை முழுசாக மாற்ற வேண்டியதுதான், கேபிளையும் புதிதாக இழுத்து, அது போகும் துளையை மறுபடி சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். எச்சரிக்கையும் கிடைக்காது. நேற்று வரை ஓடியது, இன்று ஓடாது.

ஹைட்ராலிக் முன்கூட்டியே சொல்லும். ஆயில் டப்பா ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், அளவுக்கோட்டைப் பார்த்தால் போதும். தகடுகளை முழுக்க மேலே ஏற்றிவிட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் ஆயிலில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் இருக்கும், குறைவாகக் காட்டும். ஊற்றுவது கார் ஆட்டோமேட்டிக் கியருக்குப் போடும் அதே சிவப்பு ஆயில். பிரேக் ஆயிலை மட்டும் தொடாதீர்கள், சீல்கள் ஊதிப்போகும். நிறம் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றி, தகடுகளைப் பல முறை ஏற்றி இறக்கி, மறுபடி நிறம் பாருங்கள்.

ஒரு தகடு மட்டும் ஓட்டத்தில் தானாக மேலேறுகிறதா? யூனிட்டில் இருக்கும் இடது, வலது குழாய்களைக் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு மறுபக்கத் தகட்டுக்குத் தாவினால் குற்றவாளி யூனிட்டின் வால்வு. அதே பக்கத்திலேயே நின்றால் குழாயிலோ சிலிண்டரிலோ கசிவு. ஒரு ஸ்பேனர், ஒரு பழந்துணி போதும். மின்சார முறையிலும் கேபிள்களை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் உருளைதான் கெட்டது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஹைட்ராலிக்கின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஈரமான அடித்தட்டில் யூனிட்டைப் பொருத்தியிருந்தால் மோட்டார் துருப்பிடித்தே சாகும். கொஞ்சம் மேலே, உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். பழைய குழாய்கள் இறுகி விரிசல் விடும்.

ஆயில் தொல்லையே வேண்டாம் என்று மின்சாரத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இன்ஜினையோ டிரைவையோ ஏற்றி இறக்கும் டிரிம் பெரும்பாலும் ஹைட்ராலிக்தான், அதற்கும் ஆயில் பார்த்தே ஆக வேண்டும். பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு என்றால் இன்ஜினை முழுக்கத் தூக்கி, தாங்கு கம்பியை மாட்டிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இன்ஜின் உள்ளேயும் டிரைவ் வெளியேயும் இருக்கும் மெர்குரூசர் ஸ்டெர்ன்டிரைவ் என்றால் டிரைவை முழுக்க இறக்கிவிட்டு. ஆயில் வகைக்கு அந்தந்தக் கையேடுதான் வேதம்.

மூன்றாவதாக, ஸ்வீடனின் ஜிப்வேக் போன்ற இன்டர்செப்டர்கள். தகட்டுக்குப் பதில் பின்பலகையில் செங்குத்தாக இறங்கும் பிளேடு. வேகமானது, ஆனால் கொட்டலசு வளரும் கடலில் கட்டிக்கிடக்கும் படகில் பிளேடு இறங்கும் இடுக்கு அடைத்துக்கொள்ளும். அடிக்கடி சுரண்டச் சம்மதமானால் பாருங்கள்.

என் கணக்கு இது: ஏரியில் ஓட்டிவிட்டு டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுபோகும் படகுக்கு மின்சாரம். கடலிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்கு ஹைட்ராலிக், தகடுகளுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டியோடு. ஏற்கனவே பென்னட் ஹைட்ராலிக் இருக்கிறது, மாறியே தீருவேன் என்றால், பென்னட்டே போல்ட் என்ற பெயரில் மின்சார வகையும் விற்கிறது, பழைய தகடுகளை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் கட்டும் முன் அந்தக் குழாய் மாற்றும் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள்.