பிரிட்ஜர்டனா, பீச்சம் ஹவுஸா?

இரண்டுமே பழைய காலத்து உடை போட்ட தொடர்கள், இரண்டிலும் இந்திய முகங்கள் உண்டு, ஆனால் அந்த முகங்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2019இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் வந்த பீச்சம் ஹவுஸ் 1795ஆம் வருட டெல்லியில் நடக்கிறது. இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் இயக்குநர் குரிந்தர் சத்தா எடுத்தது, அதனால் ரொம்ப எதிர்பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி, முகலாய அரண்மனை என்று சரித்திரம் நிறையவே இருக்கிறது. ஆனால் கதை சுற்றுவது ஜான் பீச்சம் என்ற நல்ல வெள்ளைக்காரரைத்தான். சுற்றிலும் இத்தனை இந்தியர்கள் இருந்தும் அவர் வீட்டுக் கவலைதான் நமக்கும் கவலை. ஒரே சீசனோடு முடிந்தது.

பிரிட்ஜர்டன் இரண்டாம் சீசன் (2022) நேர் எதிர். சரித்திரத்தைத் தேடினால் கிடைக்காது. 1814 லண்டனில் ஒரு இந்தியப் பெண் உயர்குடி நடனத்தில் சர்வசாதாரணமாக நிற்கிறாள், கம்பெனி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கதாநாயகி அவள்தான். தொடரின் மூல நாவலில் வெள்ளைக்காரியாக இருந்த கேட் இங்கே கேட் ஷர்மா, நடிப்பது தமிழ்ப் பின்னணி கொண்ட சிமோன் ஆஷ்லி. தங்கை எட்வினாவாக வரும் சரித்ரா சந்திரனும் தமிழ்ப்பெண்தான். ஷர்மா என்று வடநாட்டுப் பெயர், கேட் அப்பாவைத் தமிழில் 'அப்பா' என்கிறாள், அக்காவை தங்கை இந்தியில் 'தீதி' என்கிறாள், தங்கையை அக்கா கூப்பிடுவதோ வங்காளத்து 'போன்' (தங்கை). எந்த ஊர்க் குடும்பம் இது என்று சிரிப்புதான் வந்தது. ஆனாலும் தங்கையை உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், குழப்பத்தோடு சேர்த்து பிரிட்ஜர்டன்.