வெப்கேஸர்: வெப்கேமராவால் கண்ணசைவை அளக்க முடியுமா?

கண்ணசைவுக் கருவியின் விலையைக் கேட்டதுமே ஒதுங்கிவிடும் கல்லூரிகளுக்கு, பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளியான வெப்கேஸர் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். மடிக்கணினியில் உள்ள வெப்கேமராவே போதும். கணக்கீடு முழுவதும் பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் மாணவர்களின் முகம் பதிந்த வீடியோ எந்தச் சர்வருக்கும் போவதில்லை. சேலத்தில் உளவியல் செய்முறை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பார்வை நம் தேர்வை எப்படிப் பாதிக்கிறது என்பதை விளக்க கிரைபிச், ஆர்மெல், ராங்கெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010இல் வெளியிட்ட கணித மாதிரியை எடுத்துக்கொண்டோம். இரண்டு தின்பண்டங்களில் ஒன்றைத் தேர்வதற்குள் கண் இரண்டுக்கும் மாறி மாறிச் செல்கிறது. பார்க்கப் பார்க்க, எதைத் தேர்வது என்பதற்கான சான்று மனதில் சேர்ந்து, ஒரு பக்கத்தின் எல்லையைத் தொட்டதும் முடிவு பிறக்கிறது. ஒன்றைப் பார்க்கும் கணத்தில் மற்றதன் மதிப்பு முழுதாகச் சேர்வதில்லை. அவர்களுடைய தரவில் ஏறத்தாழ 0.3 பங்குதான் சேர்ந்தது. அங்கே பசித்திருந்தவர்களுக்குத் தின்பண்டப் படங்களைக் காட்டினார்கள். இங்கே தட்டுவடை செட்டையும் நொறுக்கலையும் திரையின் இரு ஓரங்களில் வைத்தோம். முதலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் மதிப்பெண் இடச் சொல்ல வேண்டும். பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடைக்கு மாலை வகுப்பில் குறைத்துப் போட எவருக்கும் மனம் வருவதில்லை என்பதால், சுமாரான பண்டங்களையும் கலந்து வைப்பது நல்லது. எல்லாமே உச்ச மதிப்பெண் பெற்றால் மதிப்பு வேறுபாட்டின் தாக்கத்தைப் பார்க்க முடியாது.

இனி துல்லியம். வெப்கேஸரின் பிழை பார்வைக் கோணத்தில் சுமார் 4 பாகை, அதாவது திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 4 செ.மீ. ஒரு வரியில் எந்தச் சொல்லைப் படிக்கிறார் என்று அறிய இது உதவாது. இடமா வலமா என்று அறியப் போதும், மேற்சொன்ன மாதிரி கேட்பதும் அவ்வளவே. முகத்தில் விழும் ஒளி மட்டும் மாறக் கூடாது. ஏற்காட்டில் மூடுபனி வந்து வந்து விலகும் சன்னலோரத்தைத் தவிர்த்து, சன்னலை மூடி டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார வைக்க வேண்டும். தலையை அசைத்தவருக்கு அளவுதிருத்தத்தை, அதாவது பார்வையைத் திரையின் புள்ளிகளோடு பொருத்துவதை, மீண்டும் செய்ய வேண்டும்.

ஆய்வேடு எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடப்பக்கப் பார்வை வலப்பக்கமாகத் தவறிப் பதிவானால் கவனத்தின் தாக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அந்த 0.3 என்ற எண் 1ஐ நோக்கி நகரும் (1 என்றால் எதைப் பார்த்தாலும் வேறுபாடு இல்லை என்று பொருள்). ஆகவே செய்முறை வகுப்புக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த எண்ணையே மதிப்பிட வேண்டிய ஆய்வுக்கு அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் கண்ணசைவுக் கருவி உள்ள ஆய்வகத்தை நாடுவதே சரி.