பிட்காயின் அறிமுகப் பயிற்சி: வாலட்டை அழிக்கச் சொன்ன வகுப்பு

“பிட்காயினை யார் அச்சடிக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டு எங்களையே பேசவிட்டார் பயிற்சியாளர். அந்த ஒரு கேள்வியிலேயே மைனிங் (கணினிகள் போட்டியிட்டுப் பரிவர்த்தனைகளைப் பதிந்து புதுக் காயின் பெறுவது), சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), மொத்தம் 2.1 கோடி காயினுக்கு மேல் வரவே வராது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

அப்புறம் செய்முறை. ஆளுக்கொரு வாலட்டை, அதாவது பிட்காயினைக் கையாளும் செயலியை, போனில் போட்டு, அது காட்டிய 12 சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் டெஸ்ட்நெட் (சோதனைக்கான தனி நெட்வொர்க்) காயினும் வாங்கிக்கொண்டோம். உடனே வாலட்டை அழிக்கச் சொன்னார்! மதிப்பில்லாத காயின்தான், ஆனாலும் கை தயங்கியது. அதே சொற்களை வரிசை மாறாமல் போட்டதும் இருப்பு அப்படியே திரும்பி வந்தபோதுதான், காசு போனுக்குள் இல்லை, அந்தத் தாள் யார் கையில் கிடைக்கிறதோ அவர் மொத்தத்தையும் எடுத்துவிடலாம் என்பது உறைத்தது.

கட்டணப் பகுதியை மட்டும் ஓட்டமாக முடித்துவிட்டார். கட்டணம், அனுப்பும் தொகையைப் பொறுத்ததல்ல, பரிவர்த்தனையின் பைட் அளவையும் அந்த நேரத்து நெரிசலையும் பொறுத்தது. புதியவர்கள் தடுமாறும் இடமே அதுதான், இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

“இப்போ வாங்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். “அதைச் சொல்ல நான் வரவில்லை” என்றார். சரியான பதில்.