ஹைக்கூ ஓஎஸ்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பழைய மடிக்கணினியில் என்ன ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போடலாம் என்று கேட்டால் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு லினக்ஸைத்தான் சொல்வார்கள். சரியான பதில்தான். என் பழைய மடிக்கணினியில் ஓடுவதோ ஹைக்கூ. இது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. பீஓஎஸ் என்று ஒன்று வந்து காணாமல் போனதே, அதை ஆர்வலர்கள் அடியிலிருந்து திரும்ப எழுதியது.

பீஓஎஸ் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கஸே 1990-இல் பீ நிறுவனத்தைத் தொடங்கினார். 1995-இல் அவர்களுடைய பீபாக்ஸ் கணினி வந்தது. இரண்டு பவர்பிசி ப்ராசஸர், முகப்பில் ஒவ்வொரு ப்ராசஸரும் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விளக்கு வரிசை. அடுத்த வருடமே ஆப்பிள் புது ஓஎஸ் தேடியபோது பீயிடம் பேசியது, விலை படியவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. 2000-இல் பீஓஎஸ் 5-இன் பர்சனல் பதிப்பை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் மிச்சமிருந்ததை பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வருடமே ஓபன்பீஓஎஸ் என்ற பெயரில் ரசிகர்கள் மறுஎழுத்தைத் தொடங்கினார்கள். 2004-இல் அது ஹைக்கூ ஆனது. பீஓஎஸ்ஸின் பழைய பிரவுசர், பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தியை ஹைக்கூ கவிதையாகக் காட்டும். பெயர் அங்கிருந்து வந்ததுதான். முதல் ஆல்ஃபா (தொடக்கச் சோதனைப் பதிப்பு) 2009-இல், முதல் பீட்டா (அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பு) 2018-இல், ஐந்தாவது பீட்டா 2024-இல். அவசரமே படாத ஆட்கள்.

இத்தனை நாள் இதைக் கழற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேகம் இல்லை. வேகம் இருக்கிறது, ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி த்ரெட் (தனியாக ஓடும் வேலைச் சரடு) என்பதால் ஒரு ப்ரோகிராம் திணறினாலும் மற்றவை அதுபாட்டுக்கு ஓடும். ஆனால் எஸ்எஸ்டி வந்த பிறகு எல்லா ஓஎஸ்ஸும் ஓரளவு வேகம்தான். என்னைப் பிடித்து வைத்திருப்பது பிஎஃப்எஸ் என்ற அதன் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை.

அதில் எந்த ஃபைலோடும் நாம் விரும்பிய தகவலை ஒட்டிவைக்கலாம். ஃபைலுக்குள்ளே இல்லை, ஃபைலோடு. வீட்டு ரசீதுகளை நான் பிடிஎஃப் ஆக்கி ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருக்கிறேன். ஃபைல்டைப்ஸ் என்ற அமைப்பில் பிடிஎஃப் வகைக்குக் கடை, தொகை, உத்தரவாதம் முடியும் நாள் என்று மூன்று அட்ரிப்யூட் (ஒட்டிவைக்கும் தகவல்) சேர்த்தேன். இப்போது அந்த ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் அந்த மூன்றும் பத்திகளாக நிற்கும். தொகையைச் சொடுக்கி அங்கேயே திருத்தலாம், நாள்வாரியாக அடுக்கலாம். தனியாக எக்செல் ஷீட் வேண்டாம், ரசீதுக்கென்று ஒரு ஆப் வேண்டாம்.

தேடுவது இன்னும் சுகம். தொகை 5000-க்கு மேல், உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்று கேள்வியைக் கட்டி விட்டால் அடுத்த நொடியே பட்டியல் வந்துவிடும். அந்த விண்டோவைத் திறந்தே வைத்திருந்து, புதிதாக ஒரு ரசீதைச் சேர்த்து விவரம் நிரப்பினால் அதுவும் தானாகப் பட்டியலில் வந்து உட்காரும். ஒரு விஷயம்: அட்ரிப்யூட்டைத் தேட வேண்டுமென்றால் முதலில் டெர்மினலில் எம்கேஇண்டெக்ஸ் கட்டளையால் அதற்கு இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) போட வேண்டும். அதற்கு முன்பே இருந்த ஃபைல்கள் இண்டெக்ஸில் ஏறாது. அவற்றுக்கு ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். மின்னஞ்சலும் தொடர்பு முகவரியும்கூட இதே முறையில் சாதாரண ஃபைல்கள்தான். பீஓஎஸ்ஸின் மூல பிஎஃப்எஸ்ஸை எழுதியவர்களில் ஒருவரான டொமினிக் ஜாம்பவோலோ பிறகு ஆப்பிளுக்குப் போய் மேக்கின் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். மேக்கில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான்.

அடுத்துப் பிடித்தது அப்டேட். சிஸ்டம் முழுக்கப் பேக்கேஜ்களாக (கட்டப்பட்ட பொதிகளாக), படிக்க மட்டும் முடிகிற மாதிரி மவுண்ட் ஆகிறது, அதாவது இணைக்கப்படுகிறது. பழைய நிலையும் தனியாகப் பத்திரமாக இருக்கும். ஒருமுறை அப்டேட் செய்ததும் வைஃபை போய்விட்டது. பூட் மெனுவில் போய் அப்டேட்டுக்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்தேன், வைஃபை திரும்பிவிட்டது. அவ்வளவுதான். விண்டோ தலைப்பிலுள்ள மஞ்சள் பட்டையைப் பிடித்து இன்னொரு ப்ரோகிராமின் பட்டையோடு சேர்த்து, இரண்டையும் ஒரே விண்டோவின் டேப்களாக்கலாம் என்பதும் ஒரு சின்ன சந்தோஷம். ஓஎஸ்ஸின் அடிப்படைக் கட்டளைகளில் கணினி தீப்பிடித்து எரிகிறதா என்று கேட்கும் ஒரு ஃபங்ஷன் பீஓஎஸ் காலத்திலிருந்து இருக்கிறது. நான் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

இனி குறைகள். தமிழ்தான் முதல் குறை. எழுத்துரு இருக்கிறது, எழுத்து தெரிகிறது. ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் ஹைக்கூவின் சொந்த ப்ரோகிராம்கள் உயிர்மெய்யை ஒழுங்காகக் கோப்பதில்லை. கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கடை’ என்று பத்திக்குத் தலைப்பு வைத்தால் ஐகாரம் டகரத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. கண் உறுத்தியதால் தலைப்புகளை ஆங்கில எழுத்திலேயே மாற்றி வைத்துவிட்டேன். க்யூடி (வேறு ஓஎஸ்களிலும் ஓடும் ப்ரோகிராம்களை எழுதும் கருவித் தொகுப்பு) வழி வரும் ப்ரோகிராம்களில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம், மடிக்கணினியை மூடினால் தூங்காது. ஸ்லீப் வசதியே கிடையாது. கிராஃபிக்ஸ் வேலையெல்லாம் ப்ராசஸர் தலையில் விழுவதால் யூடியூபில் பெரிய வீடியோ போட்டால் விசிறி கத்தும். வீடியோ கால் பேச இதை நம்ப வேண்டாம். வைஃபை டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு ஓஎஸ்களிலிருந்து எடுத்துக்கொள்வதால் பெரும்பாலான பழைய கார்டுகள் வேலை செய்யும். எல்லாம் ஒரே யூசர், அவருக்கே முழு அதிகாரம் என்பதால் வங்கி வேலையை இதில் நான் வைத்துக்கொள்வதில்லை. எழுத லிப்ரேஆஃபிஸ் இருக்கிறது, போதும்.

முயன்று பார்க்க நினைத்தால் பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்யலாம், ஹார்டு டிஸ்கைத் தொட வேண்டாம். பழைய பீஓஎஸ் ப்ரோகிராம்கள் ஓட வேண்டுமென்றால் 32 பிட், இல்லையென்றால் 64 பிட். ரசீது மாதிரி எதையாவது சேர்க்க ஆரம்பித்தால் பேக்கப்பைச் சாதாரண ஃபேட் (பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபைல் சிஸ்டம்) பென்டிரைவில் அப்படியே காப்பி செய்யாதீர்கள். ஃபைல் போகும், ஒட்டிவைத்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். ஹைக்கூவிலேயே ஜிப் செய்து அந்த ஜிப்பைக் காப்பி செய்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும்.