லீஸுக்கு வீடு தேடுறீங்களா? நடுவுல "கம்பெனி" இருந்தா ஓடிடுங்க. என் 8 லட்சம் போச்சு

சென்னையில லீஸுக்கு வீடு பார்த்துட்டு இருக்கிறவங்க பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. 8 லட்சம் ரூபாய். வீட்டம்மா நகை, என் பிஎஃப் பணம், மாமனார் கொடுத்தது எல்லாம் சேர்த்து 8 லட்சம். இன்னிக்கு அதுக்கு பதிலா என் கையில இருக்கிறது ஒரு முத்திரைத்தாளும் கோர்ட் சம்மனும். என்னென்ன பார்த்துட்டு கையெழுத்துப் போடணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன், இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது.

கம்பெனி பேரை எழுத வேணாம்னு வக்கீல் சொல்லிட்டார், வழக்கு நடக்குது. அது எந்த வகைன்னு மட்டும் சொல்றேன். ஓனர்கிட்ட மாச வாடகைக்கு வீட்டை எடுப்பாங்க. "உங்களுக்கு ஒண்ணாம் தேதி வாடகை வந்துடும், குடித்தனக்காரர் தொல்லையே கிடையாது"ன்னு அவங்ககிட்ட பேச்சு. அதே வீட்டை நம்மகிட்ட லீஸுக்குக் கொடுப்பாங்க. மொத்தமா ஒரு தொகை, மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரும்னு நம்மகிட்ட பேச்சு. ஓனருக்கு லீஸ்னு தெரியாது. நமக்கு ஓனர் யாருன்னே தெரியாது.

வளசரவாக்கத்துல ரெண்டு பெட்ரூம், 18,000 வாடகை போகிற வீடு. சென்னையில வாடகைக்குப் போனாலும் பத்து மாச அட்வான்ஸ்னு கிட்டத்தட்ட ரெண்டு லட்சத்தை முடக்கித்தானே ஆகணும்? சட்டத்துல 3 மாச வாடகைன்னு இருக்கு, யார் கேக்குறா. அதுக்கு மேல மாசாமாசம் 18,000. லீஸ்னா அந்த 18,000 மிச்சம், பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு ஆகும்னு கணக்குப் போட்டோம்.

அந்த மேனேஜர் பையனைப் பத்தி சொல்லியே ஆகணும். முப்பது வயசு இருக்கும். சாவி கொடுக்கிற அன்னிக்கு கையில ஒரு ஆவின் பாக்கெட்டோட வந்தான். "அண்ணி கையால பால் காய்ச்சட்டும்ணே, அப்புறம் சாமானை இறக்கலாம்"னான். ஸ்டவ் இன்னும் வண்டியில இருந்துச்சு, கீழ் வீட்டுல போய் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை அவனே இரவல் வாங்கிட்டு வந்தான். பால் பொங்கினதும் கண்ணை மூடி கும்பிட்டான். என் பொண்ணு கையில சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கிட்டான், அவங்க விளம்பரப் பக்கத்துல போடறதுக்கு. அப்படிப்பட்டவன்கிட்ட "ஓனர் போன் நம்பர் கொடுப்பா"ன்னு கேட்டப்போ, "அவங்க அமெரிக்காவுல இருக்காங்கண்ணே, நடுராத்திரியில அடிச்சா கோவிச்சுக்குவாங்க, எல்லாத்துக்கும் நான் இருக்கேன்"னான். ஒப்பந்தம் 11 மாசத்துக்குத்தான் போட்டான். ஒரு வருஷத்தைத் தாண்டினா சார்பதிவாளர் ஆபீஸுல பதியணும், செலவு ஜாஸ்தி, வருஷாவருஷம் புதுப்பிச்சுக்கலாம்னு அதுக்கு ஒரு விளக்கம்.

அமெரிக்காவும் இல்ல, ஆப்பிரிக்காவும் இல்ல. ஓனரம்மா அம்பத்தூர்ல இருக்காங்க. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர்.

ஒரு ஞாயித்துக்கிழமை கதவைத் தட்டிட்டு, "யாருப்பா நீங்க? என் வீட்டுல என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு வாடகை வந்து பல மாசம் ஆச்சாம். அவங்க நெனச்சது, நான் வாடகை கொடுக்காம உட்கார்ந்திருக்கேன்னு. "அம்மா, நான் 8 லட்சம் கொடுத்திருக்கேன்"னு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். அதுல உரிமையாளர்னு இருக்கிற இடத்துல கம்பெனி முத்திரை. அவங்க கையெழுத்து எங்கயும் இல்ல. அந்தம்மா அப்படியே சோபாவுல உட்கார்ந்து, என் ஜெராக்ஸ் காப்பிக்குப் பின்னாடியே பென்சில்ல கணக்குப் போட்டாங்க. 8 லட்சத்தை பேங்க்ல போட்டா 7 சதவீதத்துக்கு வருஷம் 56,000. அவங்களுக்கு கம்பெனி கொடுக்க வேண்டிய வாடகை வருஷம் 2,16,000. "தம்பி, மிச்சம் 1,60,000 எங்கிருந்து வரும்? உங்க முதல்ல இருந்துதான் எனக்கு வாடகை கொடுத்திருக்கான். அதுவே அஞ்சு வருஷம்கூட தாங்காது, நடுவுல அவன் வேற சாப்பிடணும்." புதுசா மாட்டுறவன் காசுல பழையவன் வாடகை, அவ்வளவுதான் இந்தத் தொழில். புது ஆள் வரத்து நின்ன மாசம் எல்லாம் நின்னுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது இழுத்தடிப்பு. "அண்ணே" போய் "சார்" ஆச்சு. "சார், எம்டி மீட்டிங்ல இருக்கார்." "திங்கக்கிழமை டிடி ரெடி." "ஆடிட்டர் கையெழுத்து மட்டும் பாக்கி." ஒரு செக் கொடுத்தாங்க, அக்கவுண்ட்ல பணமில்லைன்னு திரும்பிடுச்சு. போய்க் கேட்டா ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "எங்களுக்கே ரெண்டு மாசம் சம்பளம் வரல சார்"னு அழுதுச்சு. பால் காய்ச்சினவன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். கடைசியில ஆபீஸ் ஷட்டரே சாத்திடுச்சு, வெளியில எங்களை மாதிரியே ஒரு கூட்டம்.

லோக்கல் ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னாங்க. பணத்தை வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்தா அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு, பழைய 420-தான் அதுன்னு வக்கீல் எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் மனுவையே வாங்கினாங்க. எல்லாரும் சேர்ந்து வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்குப் போனோம், மத்திய குற்றப்பிரிவுக்கு மாத்தினாங்க. அங்க கேமரா, மைக். அன்னிக்கு ராத்திரி ஒரு சேனல்ல ஓடின தலைப்பு என்ன தெரியுமா? வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடியிருப்போர், கண்ணீரில் உரிமையாளர்கள்! 8 லட்சம் கொடுத்தவன் ஆக்கிரமிப்பாளன் ஆயிட்டேன். அந்த வீடியோவை அப்பார்ட்மெண்ட் குரூப்ல போட்டு, "இது நம்ம பி பிளாக் சார்தானே"ன்னு கேட்டான் ஒருத்தன்.

ஓனரம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவங்க பையன் சொல்லி வாடகை நீதிமன்றத்துல கேஸ் போட்டுட்டாங்க. 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறையில இருக்கிற 2017 சட்டப்படி, வாடகை பாக்கி ஒரு காரணம், எழுத்துமூலமா அனுமதி வாங்காம உள்வாடகைக்கு விட்டது இன்னொரு காரணம். ரெண்டும் செஞ்சது கம்பெனி. முதல் எதிர்மனுதாரர் அவன், ரெண்டாவது நான். அவனுக்குப் போன சம்மன் ஆள் இல்லைன்னு திரும்பி வருது. ஐகோர்ட் வளாகத்துல லீவு போட்டுட்டு நிக்கிறது நானும் அந்த அறுபத்தஞ்சு வயசு அம்மாவும். ஏமாந்த ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வாய்தா வாங்கிட்டு இருக்கோம், ஏமாத்தினவன் எங்கயோ ஜாலியா இருக்கான்.

40 வருஷத்துக்கு மேல பிரசாத் ஸ்டூடியோவுல இசையமைச்ச இளையராஜாவுக்கே, 2020 டிசம்பர்ல ஒரு நாள் உள்ள போய் தன் பொருளை எடுத்துக்க ஐகோர்ட் வழியாத்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அடுத்தவங்க இடத்துல இருக்கிறவன் நிலைமை இந்த ஊர்ல அவ்வளவுதான். அவருக்காவது வெளிய வந்து சொந்தமா ஸ்டூடியோ அமைச்சுக்க முடிஞ்சுது. என் 8 லட்சம் அவன்கிட்ட இருக்கும்போது நான் எதை வச்சு அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறது?

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், நாளைக்கு வாய்தா, வக்கீல் வரச் சொல்லிட்டார். அதனால அவசரமா:

ஓனரை நேர்ல பார்க்காம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. ஆதார், வீட்டு வரி ரசீது, இபி பில் மூணுலயும் ஒரே பேரான்னு பாருங்க. பணம் ஓனர் அக்கவுண்டுக்குத்தான் போகணும். பவர் இருக்குன்னு சொன்னா பதிவு பண்ணின பவர் பத்திரம் கேளுங்க, அதுல லீஸுக்கு விட்டு பணம் வாங்குற அதிகாரம் எழுதியிருக்கான்னு படிங்க.

11 மாசக் கதையை நம்பாதீங்க. லீஸ் தொகைன்னா சார்பதிவாளர் ஆபீஸுல பதிஞ்சே ஆகணும்னு நில்லுங்க, அப்பதான் வில்லங்கச் சான்றுல ஏறும். வாடகை ஒப்பந்தத்தையும் அரசு இணையதளத்துல பதிஞ்சு நம்பர் வாங்குங்க.

செக் திரும்பினா பேங்க் தகவல் கொடுத்த 30 நாளுக்குள்ள வக்கீல் நோட்டீஸ் போயிடணும். "திங்கக்கிழமை தர்றோம்"னு அவங்க இழுக்கிறதே இந்த 30 நாளைத் தாண்டத்தான்.

இதே மாதிரி கம்பெனி முத்திரை போட்ட ஒப்பந்தம் யார்கிட்டயாவது இருந்தா, இன்னும் பணம் போகலைன்னாலும் சரி, இன்னிக்கே ஓனரைத் தேடிப் பிடிச்சு "மாசாமாசம் வாடகை வருதா"ன்னு கேளுங்க. புகார் கொடுக்கப் போறவங்க தனியா போகாதீங்க, பத்து பேரா போங்க, பணம் அனுப்பின பேங்க் ஸ்டேட்மெண்ட் ரெண்டு செட் எடுத்துக்கோங்க. ஒரு செட்டை அங்க வாங்கி வச்சுக்குவாங்க.